எமில் வைத்த பெயர்

எமில் ட்ருஷ்காவின் முகத்தைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அவருடைய குரல் எனக்குப் பழக்கம். எங்கள் ஊர் வானொலியில் சாயங்கால விளையாட்டு நிகழ்ச்சிக்கு வரும் போன்களை எடுப்பது என் வேலை. யார், எந்தப் பக்கம், என்ன பேசப்போகிறார் என்று கேட்பேன். குடித்திருக்கிறாரா என்று பேச்சை வைத்துக் கணிப்பேன். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஹாங்க் டில்மரிடம் இணைப்பேன். நிகழ்ச்சியை நடத்துபவர் ஹாங்க். போன் எடுக்கும் லோரெய்னின் பெயர், அதாவது என் பெயர், காற்றில் ஒருநாளும் வந்ததில்லை.

எமிலுக்கு நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் வேலை. மதிய ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, போனை எடுத்துவிடுவார். சரளைக்கல்லை இரும்புச் சட்டியில் உருட்டுவது போன்ற குரல். "கால்வாய்த் தெரு எமில் பேசறேன்மா" என்று ஆரம்பித்தாரென்றால் ஊரில் பாதிப்பேர் காரில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

எங்கள் பேஸ்பால் அணியின் பெயர் ஹெரன்ஸ். தொப்பியில் ஒற்றைக்காலில் நிற்கும் சாம்பல் நாரை. "அந்த இன்னொரு காலை அது என்னைக்குக் கீழ வைக்கும்னு கேக்கத்தான் நான் போன் பண்றேன்" என்பார் எமில். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஹெரன்ஸ் உருப்படியாக எதையும் ஜெயித்ததில்லை. நன்றாக ஆடும் ஒருவன் தலையெடுத்தால், அவனுக்குச் சம்பளம் ஏறுவதற்குள் பெரிய நகரத்து அணி ஒன்றுக்கு அவனைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூன்று சின்னப் பையன்களை வாங்கிக்கொள்வார்கள். அந்த மூன்று பேரில் ஒருவன் தேறினால் அதிசயம்.

"பழுத்தத வித்துட்டுப் பிஞ்சு வாங்குறானுங்க லோரெய்ன்" என்பார், ஹாங்க் விளம்பரத்தில் இருக்கும்போது என்னிடம். "பிஞ்சு பழுத்ததும் அதையும் வித்துடுவானுங்க. நாம என்னைக்குத்தான் பழம் திங்கறது?"

எமில் சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சொல்லமாட்டேன். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்ச்சர் ஒருவனை விரட்டச் சொல்லி ஒரு குளிர்காலம் முழுக்கத் தொண்டை கிழியப் பேசினார். விரட்டினார்கள். அவன் வேறோர் அணிக்குப் போய்க் கோப்பையைத் தூக்கினான். வயதான ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினார். வைத்துக்கொண்டார்கள். அந்த மனுஷன் வருஷம் முழுக்க மட்டையைக் காற்றில் வீசிவிட்டு ஓய்வு பெற்றார். எமில் இதையெல்லாம் மறந்துவிடுவார். அவர் மறக்காதது ஒன்றே ஒன்று: நீல் ஓஸ்டர்மன்.

ஒவ்வொரு கோடையிலும் பள்ளி, கல்லூரிகளில் ஆடும் பையன்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். அதுதான் டிராஃப்ட். மோசமாகத் தோற்றவனுக்கு முதல் வாய்ப்பு, அதனால் நாங்கள் எப்போதும் வரிசையின் முன்பக்கத்திலேயே நிற்போம். அந்த வருஷம் எங்கள் முறை வரும்போது பெரிதாகப் பேசப்பட்டவர்களில் இரண்டு பேர் மீதி இருந்தார்கள். ஒருவன் ஓஸ்டர்மன், ஆரிகன் பக்கத்துக் கல்லூரியில் இடக்கையால் பந்து எறிபவன். இன்னொருவன் கெண்டல் ப்ரூசார். லூயிசியானாவில் ஒரு சதுப்புநில ஊர், பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்திருந்தான், பதினெட்டு வயது.

எமில் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாதி நாட்டைக் காரிலேயே கடந்து போய் ஓஸ்டர்மன் எறிவதைப் பார்த்துவிட்டு வந்தார். கெண்டலை அவர் பார்த்தது ரெண்டு நிமிஷ வீடியோவில்.

"பள்ளிக்கூடத்துப் பையனைத் தொடாதீங்க. கல்லூரி ஆளு சமைச்ச சோறு, பள்ளிக்கூடத்துப் பையன் வெறும் அரிசி. நம்ம வீட்டுல அடுப்பே எரியலையே, அரிசிய வாங்கி என்ன பண்றது?" என்று அந்த மாதம் முழுக்க ஹாங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெரன்ஸ் கெண்டலை எடுத்தது. அடுத்த முறை வந்த அணி ஓஸ்டர்மனைக் கொத்திக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் போன் விளக்குகள் எல்லாம் எரிந்தன. எமிலைத்தான் முதலில் உள்ளே விட்டேன்.

"என்னய்யா சொல்ற எமில்?" என்றார் ஹாங்க்.

"நான் என்னத்தச் சொல்ல? படத்துல பார்த்தேன், அழகாத்தான் இருக்கான். அழகா நிக்கறான், அழகா மட்டையப் பிடிக்கறான். ஏப்ரல் மாசக் குளிர்ல நல்லாத்தான் நிப்பான். ஜூலை வெயில் வந்ததும் உருகி ஊத்திடுவான். மெழுகுப் பொம்மைய்யா அவன். மெழுகு!"

ஹாங்க் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அடுத்துப் பேசியவரும் 'மெழுகு' என்றார். அதற்கடுத்தவரும். அந்தப் பையன் எங்கள் ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே பெயர் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

நாலு வருஷம் சின்ன லீக்குகளில் பஸ் ஏறி இறங்கிவிட்டு, கெண்டல் ஒரு மே மாதம் ஹெரன்ஸுக்கு ஆட வந்தான். முதல் இரண்டு வாரம் நன்றாகவே அடித்தான். பிறகு எதிரணிகள் அவனைப் படித்துக்கொண்டன. நேராக வரும் பந்தை விளாசுவான், வளைந்து விழும் பந்துக்கு ஒரு முழம் தள்ளி மட்டையைச் சுழற்றுவான். ஜூலையில் அரங்கமே "மெழுகு... மெழுகு..." என்று தாளம் போட்டது. எங்கள் சொந்த அரங்கம், எங்கள் சொந்த ஜனங்கள். சிலர் நிஜ மெழுகுவர்த்தியையே கொண்டுவந்து ஆட்டினார்கள். அப்படி ஒரு நாள் நான் சகோதரியோடு போயிருந்தேன். அவன் தலையைக் குனியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நேராக எங்களையே பார்த்துக்கொண்டு நடந்து போய் உட்கார்ந்தான்.

அவனைச் சின்ன லீக்குக்குக் கீழே அனுப்பினார்கள், மேலே அழைத்தார்கள், மறுபடி கீழே. மணிக்கட்டு உடைந்தது. அணிப்பட்டியலில் ஓர் இடம் தேவைப்பட்ட ஒரு நாள், விடுவித்துவிட்டோம் என்று ரெண்டு வரி அறிவிப்பு வந்தது. எமில் போன் செய்தார்.

"சொன்னேனா இல்லையா?" என்றார். அதில் கொண்டாட்டம் இல்லை. "அன்னைக்கே ஓஸ்டர்மனை எடுத்திருக்கணும்."

"ஓஸ்டர்மனும்தான் தோள் போய் வீட்டுல இருக்கான், எமில்" என்றேன்.

"அவனுங்க கெடுத்தானுங்க! நாளு கிழமை பார்க்காம எறிய வெச்சு அந்தக் கைய அவனுங்க பாழாக்கிட்டானுங்க. நம்மகிட்ட இருந்திருந்தா பொத்திப் பொத்தி வெச்சிருப்போம்."

இதுதான் அவருடைய நம்பிக்கை. ஒரு நாள், ஒரு முடிவு. அது மட்டும் மாறியிருந்தால் எங்கள் தலையெழுத்தே மாறியிருக்கும். தோற்கிற அணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு நாள் இருக்கும். அது இல்லையென்றால் காலையில் எழுந்து செய்தித்தாளைப் பிரிக்க முடியாது.

வருஷங்கள் போயின. எமில் ஓய்வு பெற்றார். சர்க்கரை அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் மனைவி வெர்னாவுக்குக் கண்பார்வை மங்கல், கார் ஓட்டக்கூடாது. அதனால் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன் வந்தது.

ஒரு நாள் மாலை எமில் போன் செய்து, "இன்னைக்கு என்னை ஹாங்க்கிட்ட குடுக்காத. உன்கிட்டதான் பேசணும்" என்றார். அவர் சொன்னது இதுதான்.

அன்றைக்கு வழக்கமான ஓட்டுநர் இல்லை. தாடி வைத்த, தடித்த, கறுத்த ஆள் ஒருவன் வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். வேனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஆடும் நல்ல ஆட்டக்காரன் ஒருவனை ஹெரன்ஸ் அன்றுதான் வேறு அணிக்குக் கொடுத்திருந்தது. எமிலுக்கு வாய் சும்மா இருக்குமா? வண்டி கால்வாய்ப் பாலம் ஏறுவதற்குள் நிர்வாகத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டி முடித்துவிட்டார். ஓட்டுநர் ரேடியோவை அணைத்தான்.

"நீங்க எமிலா?" என்றான்.

"ஆமா. தாள்லதான் போட்டிருக்குமே."

"தாள்ல ட்ருஷ்கான்னு மட்டும்தான் இருக்கு. குரல்லதான் எமில்னு இருக்கு."

எமிலுக்குப் பெருமைதான். "ஓ, நிகழ்ச்சி கேப்பியா தம்பி? உன் பேரென்ன?"

"கெண்டல் ப்ரூசார்."

எமில் சீட் பெல்ட்டைக் கழற்றினாராம். பிறகு, "வண்டிய ஓரமா நிறுத்து. நான் இறங்கிக்கறேன்" என்றார்.

"இறங்கி? நடந்தா போவீங்க? உங்களை ஒழுங்கா கொண்டுபோய் விடலைன்னா என் வேலை போயிடும். உங்களால ஏற்கெனவே எனக்கு ஒரு வேலை போச்சு."

"அவன் சிரிச்சானா, இல்ல கோவமா சொன்னானான்னு எனக்குத் தெரியல லோரெய்ன்" என்றார் எமில். "பின்னாடி உக்காந்திருந்தேன்ல, முகம் தெரியல."

கெண்டல் இந்த ஊரிலேயே தங்கிவிட்ட கதை எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆடிய காலத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்த மரியட்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தான். மேற்குப் பக்கத்தில் சின்ன வீடு, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். தாடியும் தொப்பையும் வந்த பிறகு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவனும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எமிலுக்கு அவன்தான் ஓட்டுநர். அடுத்த சில பயணங்கள் ஒரு வார்த்தை இல்லாமல் போயின. வெர்னாதான் அந்த மௌனத்தைக் கலைத்தாள். ஒரு நாள் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் துணியில் கட்டி வேன் ஜன்னல் வழியே கெண்டலிடம் நீட்டினாள்.

"இந்த ஆளை வாரம் மூணு நாள் சுமக்கறியே, உனக்குக் கூலியா வெச்சுக்கோப்பா."

"அவருக்கு?"

"அவருக்கு ஆகாது. அவர் முன்னாடி வெச்சே தின்னு. அதான் அவருக்குத் தண்டனை."

அப்படியே தின்றான். எமில் பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு பேச்சு வந்தது. டிராஃப்டில் யாரை எடுக்கலாம் என்று எமில் ஆரம்பித்தால், கெண்டல் வேறு மாதிரிப் பேசுவானாம். எமிலுக்கு ஓட்ட வேகமும் கை பலமும்தான் கணக்கு. கெண்டலுக்கு அந்தப் பையன் இதற்கு முன் வீட்டை விட்டு எங்கேயாவது இருந்திருக்கிறானா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு யார் வீட்டுக்குப் போவான் என்பதுதான் கேள்வி. "அதெல்லாம் ஒரு கணக்கா?" என்று எமில் கேட்டால், "எனக்கு இருந்துச்சு" என்பான்.

ஒரு நாள் எமில் துணிந்து கேட்டுவிட்டார். "உன்னால அடிக்க முடியாதுன்னு உனக்கு எப்பப்பா தெரிஞ்சுது?"

"ரெண்டாவது வருஷமே தெரிஞ்சுது. வளையற பந்து சுத்தி வரும்போது சிவப்புத் தையல் கண்ணுல படும்பாங்க. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் அடிப்பாங்க. எனக்குப் படவே இல்ல. எப்பவும் வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"பயிற்சியாளர் 'பார்த்தியா?'ம்பார். 'பார்த்தேன்'ம்பேன். அவரும் எனக்குத் தெரியலைன்னு தெரிஞ்சுதான் கேட்டிருப்பார்னு இப்பத் தோணுது. எனக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டிக் கொடுத்திருந்தாங்க. தப்பா எடுத்துட்டோம்னு எவன் வாயத் தொறப்பான்? மேல தள்ளிவிட்டாங்க. நீங்க சொன்னது தப்பில்ல சார். அதான் கஷ்டமே."

எமில் மெதுவாக, "ஓஸ்டர்மனை எடுத்திருந்தா நீயாவது வேற எங்கயாவது தப்பிச்சிருப்ப" என்றாராம்.

கெண்டல் அப்போது சொன்னதுதான் எமிலை நொறுக்கிவிட்டது. மணிக்கட்டு உடைந்த வருஷம் அரிசோனாவில் சிகிச்சை முகாமில் அவனும் ஓஸ்டர்மனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்திருக்கிறார்கள்.

"அவன் தோள் கல்லூரியிலயே கிழிஞ்சு போச்சு சார். ஊசி போட்டுக்கிட்டுத்தான் அந்தக் கடைசி ஆட்டங்களை எறிஞ்சான். நீங்க காரோட்டிட்டுப் போய்ப் பார்த்தீங்களே, அன்னைக்கும் ஊசிதான்."

"அப்ப நாம யாரைத்தான் எடுத்திருக்கணும்?"

"யாரையும் இல்ல. அந்த வருஷம் யாருமே இல்ல."

இன்னொரு நாள் போனில் இதைச் சொன்னபோது எமிலின் குரலில் அந்தச் சரளைக்கல் இல்லை. "அவன் எறிஞ்ச எறி இன்னும் என் கண்ணுல நிக்குது லோரெய்ன். அது ஊசியாம்" என்றார்.  ஹாங்க் கண்ணாடியைத் தட்டி அடுத்த ஆளைக் கேட்டார்.

அதற்குப் பிறகு எமிலின் மனசுக்குள் ஒரே ஒரு காரியம்தான் ஓடியது. தான் வைத்த பெயரைத் தானே திரும்ப எடுத்துவிட வேண்டும். வெர்னா தடுத்திருக்கிறாள். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா. நீ வாயத் தொறந்து என்னைக்கு எது உருப்பட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். கேட்கிற ஆளா அவர்?

ஜூன் மாதம், டிராஃப்டுக்கு முந்தின வாரம், போன் வந்தது. "இன்னைக்கு என்னைக் குடு" என்றார். கொடுத்தேன்.

"வந்துட்டார்யா நம்ம ஆளு!" என்றார் ஹாங்க். "எமில், இந்த வருஷம் யாரு?"

"இந்த வருஷத்தப் பத்திப் பேச வரல ஹாங்க். கெண்டல் ப்ரூசார்னு ஒரு பையன்..."

"யாரு? நம்ம மெழுகா!" ஹாங்க் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். "அய்யோ, எத்தனை வருஷமாச்சு அந்தப் பேரைக் கேட்டு!"

"அந்தப் பேரை நான்தான் வெச்சேன். வெச்சிருக்கக் கூடாது. அதைத்தான் சொல்ல வந்தேன். அவன் மேல தப்பில்ல. அவனை எடுத்தவங்க மேலதான் தப்பு. அவன் நல்ல பையன். இங்கதான் இருக்கான், டயாலிசிஸ் வேன் ஓட்டுறான், என்னை மாதிரி கிழங்களையெல்லாம்..."

"என்னது, இங்கயா? நம்ம ஊர்லயா? மெழுகு வேன் ஓட்டுதா?"

கண்ணாடி வழியே கையை ஆட்டினேன். ஹாங்க் என்னைப் பார்க்கவில்லை. எமில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஹாங்க் பேச்சின் மேலேயே பேசினார். "மக்களே, வெயில் காலம், வேன்ல ஏசி இருக்கான்னு பார்த்து ஏறுங்க!" என்றார். போன் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

ஊர் முழுக்க மறந்துபோயிருந்த பெயர் அது. எங்கேயோ அடியில் கிடந்ததை எமில் தோண்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டார். இளவட்டங்களுக்கு அது புதுப் பெயர், புது வேடிக்கை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் மோசமாக ஆடியவனுக்கு 'மெழுகு விருது' என்று ஹாங்க் ஆரம்பித்தார். நகரத்தில் மெழுகுவர்த்தி விற்கும் கடை ஒன்று நிகழ்ச்சியின் அந்தப் பகுதிக்கு விளம்பரமே கொடுத்தது. சிக்னலில் நிற்கும் வேன்களை எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். யாரோ ஒருவன் கெண்டலின் வேன் கண்ணாடித் துடைப்பானில் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளை வரிசையாகச் செருகிவிட்டுப் போனான்.

மரியட்டா நிலையத்துக்குப் போன் செய்தாள். அதையும் நான்தான் எடுத்தேன்.

"நான் காத்துல வரணும்னு கேக்கலம்மா. நிறுத்தச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

"சொல்றேன்மா."

"எங்க பொண்ணுக்கு அப்பா பேஸ்பால் ஆடினதே தெரியாது. அவர் சொன்னதே இல்ல. வீட்டுல ஒரு மட்டை கிடையாது, ஒரு படம் கிடையாது. நேத்து ஸ்கூல்லருந்து வந்து, 'அப்பா, மெழுகுன்னா அது நீதானா?'ன்னு கேக்கறா. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போயிட்டார். நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

 விளம்பர இடைவேளையில் ஹாங்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. முகம் கொஞ்சம் வாடத்தான் வாடியது. "ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும் லோரெய்ன். நாம நிறுத்தினா அதுவே பெரிய செய்தியாயிடும்" என்றார். செப்டம்பரில் ஆட்டங்கள் முடியும்வரை அது அடங்கவில்லை.

அந்த ஜூன் கடைசியில் கெண்டல் எமிலிடம் முதல்முறையாகக் கோபப்பட்டான். வண்டியை ஓட்டியபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டிருக்கிறான்.

"மன்னிப்பு கேளுங்கன்னு நான் உங்களைக் கேட்டேனா?"

"நல்லது செய்யறதா நெனச்சுத்தான் தம்பி..."

"நீங்க என்னைக்குமே நல்லதுன்னு நெனச்சுத்தான் பேசுவீங்க. அன்னைக்கு அணிக்கு நல்லது. இன்னைக்கு எனக்கு நல்லது. எல்லாரும் மறந்துட்டாங்க சார். நான் அதை வெச்சுத்தான் இந்த ஊர்ல குடியிருந்தேன்."

வீடு வந்ததும் வழக்கம்போலக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அடுத்த வாரம் வேறு ஓட்டுநர் வந்தார். கெண்டல் நகரத்தின் மறுகோடிப் பாதையைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். புது ஓட்டுநருக்கு பேஸ்பாலே தெரியாது. அவர் எப்போதும் மீன்பிடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எமில் எங்களுக்குப் போன் செய்வது நின்றது. முதலில் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். குளிர்காலம் முழுக்க ஆள் மாற்றங்கள் நடந்தன. ஹெரன்ஸ் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல எறிவீரனையும் கொடுத்துவிட்டது. அதற்குக்கூட கால்வாய்த் தெருவிலிருந்து சத்தமில்லை.

மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், அவர்கள் தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை வறுத்த மீன் சாப்பாடு போடுவார்கள் என்று தெரிந்து நானே போனேன். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். குரலுக்குப் பொருத்தமில்லாத சின்ன மனிதர். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த தட்டில் மீன் ஒரு துண்டு மட்டும், உப்பில்லாமல்.

"நீதான் லோரெய்னா?" என்றார். "நான் உன்னைக் குண்டா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நான் உங்களை உயரமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வெர்னா சிரித்தாள். எமிலும் சிரித்தார், சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

பிப்ரவரியில் பனி கொட்டிய ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். ஏரிக்காற்று தெருவையே மூடிவிட்டது. மீன்பிடிக் கதை பேசும் அந்தப் புது ஓட்டுநரால் வர முடியவில்லை. பனியில் ஓட்டத் தெரிந்தவன் என்று கெண்டலை அனுப்பியிருக்கிறார்கள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. வீட்டு வாசலில் இறங்கி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியேற்றிவிட்டான்.

"ஏதாவது சொன்னானா?" என்றேன்.

"'படி வழுக்குது'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வெர்னா உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. மூடிக்கிட்டேன்."

பேச்சை மாற்றத்தான் கேட்டேன்: "இந்த வருஷமும் டிராஃப்ட்ல நமக்கு முதல் வாய்ப்பு வரும்போலிருக்கே. யாரை எடுக்கலாம்?"

எமில் மீனை முள்கரண்டியால் புரட்டினார். "தெரியல" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். "எவனோ ஒரு பையனோட அம்மா, டிராஃப்ட் அன்னைக்கு வெட்ட இப்பவே கேக்குக்குச் சொல்லி வெச்சிருப்பா. அவனை நாம எடுக்காம விட்டா, அதுவே அவனுக்குச் செய்யற பெரிய உபகாரம்."

டிராஃப்ட் நாள் வந்தது. டெக்சஸிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை எடுத்தார்கள். "கால்வாய்த் தெரு எமில் எங்கப்பா போனாரு? இவனுக்கு ஒரு பேர் வேணுமே!" என்று ஹாங்க் காற்றில் கூப்பிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் நான் எமில் வீட்டுக்குப் போன் போட்டேன். வெர்னா எடுத்தாள். தூங்குகிறார் என்றாள். ரேடியோ கேட்டாரா என்றேன். சமையலறை ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி வைத்து மாதக்கணக்காகிறது என்றாள்.

ஆகஸ்டில் எமில் இறந்தார். ஹெரன்ஸ் அன்றைக்கும் தோற்றது. சவ அடக்கத்துக்குக் குடிநீர் நிலையத்து ஆட்கள் சிலர், தேவாலயத்தார், நான். ஹாங்க் மலர்வளையம் அனுப்பியிருந்தார், நடுவில் நாரை. வெர்னா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள்.

கெண்டலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வரவில்லை. மரியட்டாவின் அம்மா அதே தேவாலயம்தான், அவள் மூலமாகப் பன்றித்தொடை வறுவல் ஒன்று வந்தது, பெயர் எழுதாமல்.

எல்லோரும் போனபிறகு பாத்திரங்களைக் கழுவ நான் நின்றேன். வெர்னா பக்கத்தில் நின்று துடைத்தாள். கண் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு தட்டையும் விரலால் தடவிப் பார்த்து வைத்தாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள். "அந்த ஆள் என்கூடப் பேசினதைவிட உன்கூடப் பேசினதுதான் ஜாஸ்தி."

"என்கூட இல்லைங்க, ஹாங்க் கூட."

"இல்ல. ஹாங்க் கூட கத்துவார். உன்கூடத்தான் பேசுவார்." ஒரு தட்டை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "அந்தப் பையனுக்கு ஏதாவது செஞ்சுடணும்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். 'என்ன செய்யப் போற'ன்னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டு, 'ஒண்ணும் செய்யாம இருக்கறது ஒண்ணுதான் பாக்கி'ன்னார். அதைத்தான் செஞ்சார்."

அக்டோபரில் கெண்டல் குடும்பத்தோடு லூயிசியானாவுக்கே திரும்பிப் போனான். மரியட்டாவுக்கு மனமில்லை, அவளுடைய ஊர் இது. ஆனால் பள்ளிக்கூடத்தில் மகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சமையல் எரிவாயு லாரி ஓட்டுகிறான் என்று மரியட்டாவின் அம்மா வெர்னாவிடம் சொன்னாளாம். அந்த ஊரில் எல்லோருக்கும் அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைக்குப் போனால், அங்கே ஹெரன்ஸில் உனக்கு என்னதான் ஆச்சு என்று ஒவ்வொருவரும் நிறுத்திக் கேட்கிறார்களாம்.